சிலம்பின் தொடர்ச்சியாக மணிமேகலை: ஒரு மறுநோக்கு

மக்களின் வரவேற்பைப் பெற்ற ஒரு படைப்புக்குத் தொடர்ச்சியாக மற்றொன்று தோன்றும்போது, பின்னது முன்னதற்கு ஈடாகுமா என்ற வினா எழுவது இயல்பு. இன்று திரைப்படங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் இரண்டாம் பாகம் வெளிவருந்தோறும் இளைஞர் இவ்வினாவையே எழுப்புகின்றனர். தமிழிலக்கிய மாணவருக்கோ இது மிகப் பழைய வினா. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்த காலந்தொட்டு, இரண்டையும் அருகருகே வைத்துப் பின்னதைக் குறைத்து மதிப்பிடுவது ஒரு வாய்பாடாகவே நிலைத்துவிட்டது. காவியச் சுவை குன்றிச் சமயப் பிரசாரம் மிகுந்தது என்பதே அவ்வாய்பாட்டின் சாரம். இதற்கு எதிர்வினையாக, பசியைப் பாடுபொருளாகக் கொண்டமையால் மணிமேகலையே உயர்ந்ததெனச் சாதிக்கும் முற்போக்காளரும் நம்மிடையே உளர். இவ்விரு முடிவுகளும் எமக்கு உடன்பாடல்ல.

கண்டி மாநகரில் வாழ்வோருக்கு இவ்வொப்பீடு வெறும் ஏட்டுப் பிரச்சினையாக இருத்தல் இயலாது. தலதா மாளிகையின் அயலில் பத்தினி தேவாலயம் நிற்கின்றது. எசல பெரஹராவில் மாளிகை ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்கள் செல்ல, இறுதியாகப் பத்தினியின் ஊர்வலம் வருகின்றது. கடல்சூழ் இலங்கையின் கயவாகு பத்தினிக்குக் கோட்டம் எடுத்து ஆடித் திங்களில் விழாக் கண்டான் எனச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறும். எசல என்பதும் ஆடியை ஒட்டிய மாதமே. காவியச் செய்தியை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் இன்று காணும் வழிபாடு கண்கூடு. சமணத் துறவியெனக் கருதப்படும் இளங்கோவின் கதைத்தலைவி பௌத்த இராசதானியின் காவல் தெய்வங்களுள் ஒருத்தியானாள். ஆனால் பௌத்தக் காவியத்தின் தலைவியும், மணிபல்லவத்தில் புத்த பீடிகையைத் தொழுதவளுமாகிய மணிமேகலைக்கு இந்நால்வர் வரிசையில் இடமில்லை. இத்தனைக்கும் சாத்தனார் இலங்கையை அறியாதவர் அல்லர். இரத்தினத் தீவத்துச் சமந்த மலையுச்சியில் புத்தரின் அடிச்சுவடு உள்ளதென்பதைத் தீவதிலகையின் வாயிலாகக் கூறுகிறார். பீடிகைக்காக நாக அரசர் இருவர் பொருத, புத்தர் தோன்றி அப்பிணக்கைத் தீர்த்த செய்தி மகாவம்சத்திலும் உண்டு.

ஆயின் தொடர்ச்சி ஏன் மக்களிடம் செல்லவில்லை? பௌத்த சங்கத்தின் மொழி பாளியாக இருந்தது என்பது ஒரு விடை. அது அறிஞரின் விடையே. கம்மடுவச் சடங்கிலும் அங்கெளிய எனும் கொம்பிழுக்கும் விளையாட்டிலும் பத்தினியை அழைத்த சிங்கள உழவன் நூல் படித்து அழைத்தவனல்லன். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் இச்சடங்குகளை விரிவாக ஆராய்கின்றது. மழையும் விளைவும் நோய்நீக்கமும் அவ்வுழவனின் தேவைகள். அரசவையில் சிலம்பை உடைத்து நீதி கேட்டவள் அவனுக்கு விளங்கினாள். மட்டக்களப்பில் கண்ணகி வழிபாட்டோடு கொம்புமுறி விளையாடும் தமிழ் உழவனுக்கும் அவளே விளங்கினாள். கண்ணகி செயற்படுகிறாள், மணிமேகலையோ செலுத்தப்படுகிறாள். உவவனத்தில் துயிலும் அவளைத் தெய்வம் தூக்கிச் சென்று தீவில் விடுகின்றது. பழம்பிறப்பைப் பீடிகை உணர்த்துகின்றது. வேற்றுருக் கொள்ளவும் வான்வழி செல்லவும் மந்திரம் வழங்கப்படுகின்றது. இடர் நேருமுன்னரே அதனை நீக்கும் வழி தலைவியின் கைக்கு வந்துவிட்டால் முரண் கூர்மையடைய வழியில்லை. இறுதிக் காதைகளில் வரும் சமயவாதமும் அளவை நூலும் திக்நாகர் மரபின் தருக்கத்தை அறிய உதவும் அரிய சான்றுகள். கவிதையாக அவற்றைக் காக்க முயல்வது வீண் முயற்சி.

இனி, மூலநூலையும் அளவுக்குமீறிப் போற்ற வேண்டியதில்லை. மதுரையை எரித்த தீயே பார்ப்பனரையும் அறவோரையும் பசுக்களையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கிச் செல்லுமாறு பணிக்கப்பட்ட தீ. கண்ணகியின் கிளர்ச்சி, அரசு அறம் தவறியது என்பதற்கே எதிரானது. அரசு என்ற நிறுவனத்துக்கு எதிரானதன்று. ஆதலாற்றான் வஞ்சிக் காண்டத்தில் இன்னோர் அரசு அவளை எளிதில் உள்வாங்கிக்கொண்டது. கனகவிசயர் தலையில் கல்லேற்றி வந்த சேரனின் வெற்றி விழாவில் அவள் சிலையாகிறாள். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747-1782) காலத்தில் புனித தந்தம் பெரஹராவின் தலைமை இடத்துக்கு வர, தேவாலய ஊர்வலங்கள் அதன்பின் அணிவகுத்தமையும் இதனோடு ஒப்பிட்டுச் சிந்திக்கத்தக்கது. அம்மன்னன் மதுரை நாயக்கர் உறவுடைய மரபினன் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எனவே மணிமேகலை எங்கு மூலத்தைக் கடந்து செல்கின்றது என்று வினவுவதே பயன்தரும். எமது கணிப்பில் அது ஆபுத்திரன் கதையிலேயே. தாயால் கைவிடப்பட்டு, ஏழு நாள் பசுவால் ஊட்டப்பெற்று, அந்தணன் ஒருவனால் வளர்க்கப்பட்டவன் அவன். வேள்விக்கெனக் கட்டிய பசுவை விடுவித்தபோது அவனது பிறப்பு இழிவுடையதெனத் தூற்றுகின்றனர். பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தோரை உங்கள் முனிவரெனப் போற்றுகிறீர்களே என்று அவன் திருப்பிக் கேட்கிறான். இத்தகைய குரல் சிலப்பதிகாரத்தில் இல்லை. வெளியேற்றப்பட்டு மதுரையில் இரந்துண்ணும் அவன், குருடரையும் செவிடரையும் முடவரையும் ஆதரவற்றோரையும் அழைத்து ஊட்டி, எஞ்சியதை உண்டு வாழ்கிறான். சிந்தாதேவி அமுதசுரபியை அளிக்கிறாள்.

இதற்குப் பின் நிகழ்வதை உரையாசிரியர்கள் அதிசயமாகக் கருதிக் கடந்துவிட்டனர். ஆபுத்திரனின் அறத்தால் தன் இருக்கை நடுங்கக் கண்ட இந்திரன், தன்னிடம் வரம் வேண்டாத அவனை ஒறுக்கக் கருதுகிறான். அதற்கு அவன் கையாளும் வழி பஞ்சமன்று, வளம். பன்னீராண்டு வறண்ட பாண்டி நாட்டில் மழை பொழிகின்றது. உயிர்களின் பசி தீர்கின்றது. ஏற்போர் அற்றுப்போகவே ஈவோன் தேவையற்றவனாகிறான். சாவக நாட்டில் பஞ்சம் எனக் கேட்டுக் கப்பலேறுகிறான். கப்பல் மணிபல்லவத்தில் தங்கிப் பின் அவனைத் தவறவிட்டுச் செல்கின்றது. ஆளற்ற தீவில், தனக்கென மட்டும் அப்பாத்திரத்தைப் பயன்படுத்த மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டுப் பட்டினியால் இறக்கிறான். தானம் இல்லாமையை வேண்டி நிற்பது. இல்லாமை ஒழிந்தால் தானமும் ஒழியும். தானத்தைத் தலையாய அறமாக நிறுவவந்த நூலே அவ்வறத்தின் எல்லையைத் தன்னையறியாமல் காட்டிவிடுகின்றது. சாத்தனார் இம்முரணைத் தாங்கவில்லை. இறந்தவனை மறுபிறவியில் சாவகத்துப் புண்ணியராசனாக்கி, இரவலனுக்கு அரசுரிமை வழங்கி முரணைத் தீர்த்துவிடுகிறார். வாழ்வில் மறுக்கப்பட்டதைப் பிறவிச் சுழற்சியில் ஈடுசெய்வது எக்கருத்துநிலையின் பணி என்பதை வாசகர் அறிவர்.

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் பத்தொன்பதாங் காதையும் இவ்வாறே நோக்கத்தக்கது. காயசண்டிகை வடிவில் சிறையுள் புகுந்து உணவளிப்பவள், வேண்டுவது யாதென அரசன் கேட்க, சிறையை நீக்குமாறு கேட்கிறாள், அரசனும் இசைகிறான். ஆனால் இளவரசன் உதயகுமரன் காஞ்சனன் வாளால் மாண்டதும், இருபத்திரண்டாங் காதையில் அதே அரசு மணிமேகலையைக் காவலில் வைக்கின்றது. மூன்று காதைகள்கூட அறக்கோட்டம் தாங்கவில்லை! ஆட்சியாளரின் உள்ளம் இளகினால் அமைப்பு மாறிவிடும் என்ற நம்பிக்கைக்குக் காவியமே மறுப்பைத் தன்னுள் கொண்டுள்ளது. நீதி வழுவிய அரசன் தன் உயிரை விடுவதாக முடியும் சிலம்பைவிட இவ்விடத்தில் மணிமேகலை யதார்த்தத்துக்கு அண்மையது.

கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் இதற்கோர் அண்மைய வரலாறு உண்டு. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டத் தொழிலாளர் பட்டினியால் மடிந்தனர். தேயிலை ஏற்றுமதியால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தந்தவர்கள் அவர்களே. அவர்தம் கலைமரபில் காமன்கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் பேரிடம் பெற்றவை. பசியையே பொருளாகக் கொண்ட தமிழ்க் காவியமோ பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அளவை நூலுக்கும் காலவாராய்ச்சிக்கும் சான்றாகவே பெரிதும் பயின்றுவருகின்றது. இக்குறைக்குச் சாத்தனாரை மட்டும் பொறுப்பாளியாக்குவது முறையன்று. முப்பது காதைகளையும் ஒருசேரக் கட்டிக் கற்பித்த நமக்கும் அதில் பங்குண்டு.

ஆபுத்திரன் கதையைத் தனியே பிரித்தெடுத்துத் தோட்டங்களில் கூத்தாக ஆடலாம். அவ்வாறு ஆடுமிடத்துப் புண்ணியராசன் பகுதியை விலக்கி, கோமுகிக் கரையில் பாத்திரத்தை இடுவதோடு ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது எமது கருத்து. அங்ஙனம் நிறுத்தினால் சாத்தனாரின் பௌத்தம் சிதைந்துவிடுமே எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். சிதையும்தான், ஆயினும் பதினான்காங் காதையில் அவர் கண்டு சொன்ன பட்டினிச் சாவு சிதையாமல் எஞ்சும்.