காவலே சிறையாகும் கணம்: ஒரு சதுரங்கத் தாக்குதலை வாசித்தல்

சதுரங்கம் பற்றி நம் பத்திரிகைகள் எழுதும் மொழியோடு எனக்குத் தீராத சண்டை ஒன்று உண்டு. 'யானையைத் தியாகம் செய்து நிலைகுலைய வைத்தார்', 'அதிரடித் தாக்குதல்', 'அசாத்தியத் துணிச்சல்' - பரணி பாடுகிற மொழி இது. இதில் தாக்குதல் ஒரு வீரனின் நெஞ்சிலிருந்து புறப்பட்டு நேராகப் பலகையில் வந்து இறங்கிவிடுகிறது. எதிராளியின் காய்கள் எங்கே நின்றன, ஏன் அங்கே நின்றன என்ற கேள்விக்கே இடமில்லை. 'மேதை', 'தரிசனம்' என்று சொல்லிச் சொல்லியே பிரதியைப் படிக்காமல் தப்பித்துவந்த நம் இலக்கிய விமர்சனத்தின் பழைய கதைதான் இங்கேயும். ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொண்டு இதைப் பேசுவோம்.

2013 ஜனவரி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ. வெள்ளைக் காய்களுடன் லெவோன் அரோனியன். கறுப்பில் அன்றைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த். செமி ஸ்லாவ் தொடக்கம். 23 நகர்த்தல்களில் எல்லாம் முடிந்துபோனது. கவனிக்க வேண்டியது, முதலில் பாய்ந்தவர் அரோனியன். 12ஆவது நகர்த்தலில் அவர் குதிரை ஜி5க்கு வருகிறது. 13இல் எச்7 சிப்பாயை வெட்டி, எஃப்8 யானையையும் குறிவைக்கிறது. ஆனந்த் அதைத் திருப்பி வெட்டவில்லை, தன் குதிரையை ஜி4க்கு அனுப்புகிறார். 16ஆவது நகர்த்தலில் இன்னொரு குதிரையை ஈ5இல் கொண்டுவந்து வைக்கிறார். இப்போது கறுப்பின் நான்கு காய்கள் - சி5 பிஷப், ஈ5 குதிரை, ஜி4 குதிரை, எஃப்8 யானை - ஒரே நேரத்தில் வெட்டுக்கு நிற்கின்றன.

'என்னா தைரியம்பா!' என்று இந்த இடத்தில்தான் பரணி தொடங்கும். ஆனால் எஃப்4 சிப்பாயால் அந்த ஈ5 குதிரையை வெட்டிப் பாருங்கள். கறுப்பு ராணி டி4 சிப்பாயை வெட்டிச் செக் வைக்கும். ராஜா எச்1க்கு ஒதுங்குகிறார் என்று வையுங்கள். உடனே ராணி ஜி1க்கே போய் மறுபடி செக். சி5 பிஷப்பின் பார்வை அங்கே இருப்பதால் ராஜாவால் அதைத் தொட முடியாது, யானைதான் வெட்ட வேண்டும். வெட்டியதும் குதிரை எஃப்2இல் இறங்கி மேட். ராஜா மூச்சடைத்துச் சாகிறார். அவரை அடைத்து நிற்பவை அவருடைய யானையும் அவருடைய இரண்டு சிப்பாய்களும்தான்.

அரோனியன் அந்தக் குழியில் விழவில்லை. ஜி4 குதிரையை வெட்டினார், எஃப்8 யானையையும் வெட்டினார். அந்த நேரத்தில் கணக்குப்படி அவருக்கு ஒரு முழு யானை அதிகம். தன் யானையை வெட்டிய குதிரையைத் திருப்பி வெட்டாமல் ஆனந்த் எஃப்5க்கு ஒரு சிப்பாயை நகர்த்தினார். சி2இலிருந்து எச்7 வரை பார்த்துக்கொண்டிருந்த வெள்ளை ராணியின் பாதை அடைபட்டது. ஜி4க்குத் திரும்ப வந்திருந்த குதிரைக்கும் ஆதரவு கிடைத்தது. நான்கு நகர்த்தல் கழித்துக் கறுப்பு பிஷப் ஈ3இல் போய் உட்கார, அரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

அந்தக் கடைசி நிலையை நிதானமாகப் பாருங்கள். பி7 பிஷப்பின் குறுக்குக்கோட்டால் ஜி2 சிப்பாய் அசைய முடியாது. எச்5 ராணியால் எச்3 சிப்பாய் ஜி4 குதிரையை வெட்ட முடியாது. வெள்ளை ராணி எச்3ஐக் காத்துநின்ற வரிசையை ஈ3 பிஷப் மறித்துவிட்டது. ராஜாவைக் காக்க நின்றவையே அவரைப் பூட்டிவிட்டன. இந்த நேரத்திலும் ஆனந்துக்குக் காய்க்கணக்கில் நட்டம்தான்: யானைக்குப் பதில் பிஷப். ஆனால் வெள்ளையின் ஏ1 யானையும் சி1 பிஷப்பும் ஆட்டம் முழுக்க ஒருமுறைகூட நகரவில்லை. வேட்டைக்குப் போன ஒரே குதிரை மட்டும் 5 முறை நகர்ந்து, ஒரு சிப்பாயையும் ஒரு யானையையும் தின்று, ஜி6இல் செத்தது. சாதகம் கூடாமல் தாக்காதே, கூடிய பிறகு தாக்காமலிருக்காதே என்று 19ஆம் நூற்றாண்டில் ஸ்டைனிட்ஸ் வகுத்த விதிக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? ராஜாவைச் சுற்றி யாருக்கு ஆள் அதிகம் என்பதுதான் இங்கே கணக்கு. மொத்தப் பலகையின் கூட்டல் கழித்தல் அதற்குப் பிறகுதான்.

ஆகவே இது தியாகமில்லை. மூலையில் தூங்கும் யானைக்கு எதிராக வட்டியோடு வசூலிக்கப்பட்ட கடன். அந்தச் சொல்லின் அரசியலையும் யோசிக்க வேண்டும். பலகையில் சிப்பாய் தியாகமாகலாம், குதிரை, யானை, ராணிகூட ஆகலாம். ராஜா மட்டும் ஆவதில்லை. சாகிறவனுக்குத் தியாகப் பட்டம், அனுப்பினவனுக்கு வீரப் பட்டம். இந்த வழக்கு பலகைக்கு வெளியேயும் நமக்குத் தெரிந்ததுதானே?

மொழியைச் சதுரங்கத்தோடு ஒப்பிட்ட சசூர், பலகையில் உள்ள நிலை எப்படி வந்தது என்பது முக்கியமில்லை, பாதியில் வந்து பார்க்கிறவனுக்கும் அது முழுமையாகப் புரியும் என்றார். விதிப்படியே இது முழு உண்மையில்லை. காஸ்லிங் செய்யலாமா என்பது ராஜாவும் யானையும் முன்பு நகர்ந்தனவா என்ற வரலாற்றைப் பொறுத்தது. அதைவிட முக்கியமான இன்னொரு வரலாறு இருக்கிறது. 1907இல், சசூர் ஜெனீவாவில் தன் பொது மொழியியல் வகுப்புகளைத் தொடங்கிய அதே ஆண்டில், அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டீன் ஆடினார். அங்கேயும் எச்1இல் வெள்ளை ராஜா, எஃப்4இல் சிப்பாய், ஜி4இல் கறுப்புக் குதிரை. பி7 பிஷப் ஒரு குறுக்குக்கோட்டில், இன்னொரு பிஷப் மறு கோட்டில். ரூபின்ஸ்டீன் ராணியையே கொடுத்து 25 நகர்த்தல்களில் வென்றார். இந்த ஆட்டத்தை அறிந்தவர் 2013இன் பலகையைப் பார்க்கும்போது இரண்டு பிரதிகளை ஒருசேர வாசிக்கிறார்.

'அதான் வீட்டிலேயே தயாரிச்சுட்டு வந்தாரே, கம்ப்யூட்டரும் இருந்துச்சு, இதுல என்ன அழகு?' என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வரிசையின் ஒரு பகுதி வீட்டுத் தயாரிப்பு என்பது உண்மை. அதனால் என்ன குறைந்துபோயிற்று? உழைப்பு தெரிந்தவுடன் அழகு போய்விடும் என்பவர்கள் தேடுவது அழகையில்லை, அற்புதத்தை. இயந்திரம் ஒரு நகர்த்தல் சரி என்று சொல்லலாம். ஜி2, எச்3 சிப்பாய்கள் எந்தக் கணத்தில் காவலிலிருந்து சிறையாக மாறின என்று ஒரு வாசகனுக்கு எடுத்துச் சொல்வது விமர்சகனின் வேலை. அதைச் செய்யாமல் துணிச்சலைப் பாடிக்கொண்டிருந்தால், அதைப் படித்து வளரும் பிள்ளைகள் காய்களை வீசி எறியக் கற்றுக்கொள்வார்களே தவிர, பலகையைப் படிக்க எப்போது கற்றுக்கொள்வார்கள்?