யாருடைய சொல் செல்லும்?
மெட்வெடேவ் சகோதரரின் நூலை முன்னிறுத்திய ஒரு நோக்கு

சிறைப்பட்டவனுக்கு எஞ்சியிருக்கும் உடைமை அவனது சொல். தான் குற்றமற்றவன் என்று அவன் கூறலாம். கேட்போர் அதனை ஏற்கலாம், மறுக்கலாம். எவ்வாறாயினும் அது ஒரு கூற்று என்ற தகுதியைப் பெறும். உளநோயாளர் எனப் பெயரிடப்பட்டுப் பலவந்தமாக வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டவருக்கு அத்தகுதியும் கிட்டுவதில்லை. தமக்கு நோயில்லை என்று அவர் கூறின், நோயை உணராமையே நோயின் அறிகுறியெனக் குறித்துக்கொள்ளப்படும். சினந்தால் நோய் முற்றியதாகும். அடங்கியிருந்தால் மருந்து பலனளித்ததாகும். முறைப்பாட்டுக்கு வேண்டிய முதற் கருவியே பறிபோன ஒருவர் நாட்டெல்லை கடந்து நீதி கோருவது எங்ஙனம்? இவ்வினாவை ஆராயப் புகுவோர்க்கு ஷோரெஸ் மெட்வெடேவ், ரோய் மெட்வெடேவ் ஆகிய இரட்டைச் சகோதரர் எழுதி, 1971 இல் லண்டனில் வெளியான 'யார் பைத்தியம்?' என்னும் ருஷ்ய நூல் தக்கதொரு தொடக்கமாகும்.

நூலுக்குப் பொருளான நிகழ்ச்சி பத்தொன்பது நாட்களுள் அடங்குவது. ஷோரெஸ் உயிரியல் விஞ்ஞானி. சோவியத் பரம்பரையியலை லைசென்கோ எவ்வாறு சீரழித்தார் என்பதை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1969 இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதே ஆண்டில் அவர் ஒப்னின்ஸ்க் நகரிலிருந்த ஆய்வு நிறுவனத்துப் பதவியை இழந்தார். 1970 மே 29 ஆம் நாள் காவற்றுறையினரும் வைத்தியர்களும் அவர் வீட்டினுட் புகுந்து, நீதிமன்ற ஆணை எதுவுமின்றி, அவரைக் கலுகா நகர உளநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். விஞ்ஞானியாக இருந்துகொண்டே சமூக விடயங்கள் பற்றியும் எழுதியமை ஆளுமைப் பிளவின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. சீர்திருத்தம் வேண்டுமென்ற கருத்தே மனமயக்கமாயிற்று. ஜூன் 17 ஆம் நாள் அவர் விடுவிக்கப்பட்டார்.

இந்நூலின் அமைப்பு மனங்கொள்ளத்தக்கது. உள்ளே நிகழ்ந்தவற்றை ஷோரெஸும் வெளியே நிகழ்ந்தவற்றை ரோயும் மாறிமாறி எழுதுகின்றனர். இதனை வெறும் உத்தியென்று கொள்ளுதல் பொருந்தாது. உள்ளிருப்பவர் எதனைக் கூறினும் அது நோயேட்டிற் பதியப்படும் ஒரு குறிப்பாக மாத்திரமே கொள்ளப்படும். அதனை மனிதனொருவனின் சாட்சியமாக மாற்றவல்லவர் வெளியேயுள்ளவர். ரோய் தொலைபேசியிற் பேசுகிறார், தந்திகள் அனுப்புகிறார், அமைச்சு அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்குகிறார். பௌதிகவியலறிஞர் சகாரோவ் மொஸ்கோவில் நடைபெற்ற விஞ்ஞானிகள் கூட்டமொன்றிற் கரும்பலகையில் இச்செய்தியை எழுதிக் கையொப்பம் கோருகிறார். கபிட்சா குரல் கொடுக்கிறார். கவிஞர் த்வார்தோவ்ஸ்கி கலுகாவுக்கே செல்கிறார். சோல்செனிட்சின் பகிரங்க அறிக்கை விடுக்கிறார். ஓர் உடலினுள் அடைக்கப்பட்ட சொல்லைப் பலர் தம் நாவிற் சுமந்து சென்றமையே அவ்விடுதலைக்கு வழிகோலியது.

சோசலிசத்தைப் பழிக்கும் நோக்குடன் எழுதப்பட்ட நூல் இது என்பாரும் உளர். அக்கருத்து நூலை ஊன்றிப் படிப்பார்க்கு ஏற்புடையதன்று. ரோய் மார்க்சியவாதி. சோவியத் சட்டம் வகுத்த வரம்பைச் சோவியத் அதிகாரிகளே மீறினர் என்பதே சகோதரர் இருவரினதும் குற்றச்சாட்டு. அவர்களுடைய தந்தையார் 1938 இற் கைதாகி 1941 இற் கொலிமா முகாமில் உயிர்நீத்தவர். குடும்பத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்துச் செல்வதன் பொருள் அவ்வீட்டார்க்கு ஏட்டறிவன்று.

அக்காலத்தில் சோவியத் குடிமகனொருவர் சென்று முறையிடத்தக்க சர்வதேச நீதிமன்றம் எதுவுமில்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1976 இலேயே நடைமுறைக்கு வந்தது. தனியாள் முறைப்பாடுகளுக்கு இடமளிக்கும் அதன் விருப்புரிமை நெறிமுறையைச் சோவியத் யூனியன் 1991 இலேயே ஏற்றது. எனவே உலகின் மனச்சாட்சியிடம் முறையிடுதலே எஞ்சிய வழியாயிற்று. அதுவும் எளிதிற் கைகூடவில்லை. புக்கோவ்ஸ்கி 1971 இல் இத்தகைய நோயறிக்கைகள் பலவற்றைத் திரட்டி மேனாட்டு உளமருத்துவர்க்கு அனுப்பினார். அவ்வாண்டு மெக்சிக்கோவிற் கூடிய உலக உளமருத்துவச் சங்க மாநாடு அவற்றை ஆராயாது கலைந்தது. மறு ஆண்டுத் தொடக்கத்திற் புக்கோவ்ஸ்கி தண்டிக்கப்பட்டார். 1977 இல் ஹொனலூலுவிற் கூடியபோதே அச்சங்கம் சோவியத் முறைகேடுகளைக் கண்டித்தது. வெளியேற்றப்படலாம் என்ற நிலை தோன்றியதும் 1983 இற் சோவியத் சங்கம் தானாகவே விலகிக்கொண்டது.

இத்தனை சிறப்புக்கும் உரிய நூலில் அடிப்படைக் குறையொன்றும் உண்டு. 'யார் பைத்தியம்?' என்று தலைப்பு வினவுகிறது. 'ஷோரெஸ் அல்லர்' என்று நூல் விடையிறுக்கிறது. அவ்விடை உண்மையே. ஆயினும் அவரது நற்சித்தத்தை நிறுவுவதிலேயே வாதம் முழுவதும் தங்கிநிற்கிறது. அதே கூடத்தில் அடுத்த கட்டிலிற் கிடந்தவர் மெய்யாகவே நோயுற்றவராயின், அவருக்காகத் தந்தி அனுப்பக் கல்விமான்கள் இல்லையாயின், அவருக்குரிய நீதி யாது? நலமுள்ளவரை நோயாளரெனக் கூறியது மாத்திரமே அநீதியாயின், நோயாளரை எவ்வாறு நடத்தினும் அநீதியில்லை என்ற முடிவுக்கு அது இட்டுச்செல்லும். நூலாசிரியர்கள் அம்முடிவைக் கூறவில்லை; அதனைத் தடுக்கவும் இல்லை.

அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து வினாவை முன்னெடுத்தது ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1979 ஒக்டோபர் 24 ஆம் நாள் வழங்கிய வின்டர்வேர்ப் எதிர் நெதர்லாந்து வழக்கின் தீர்ப்பாகும். முறைப்பாட்டாளர் 1968 இல் நகரத் தலைவரின் அவசரப் பணிப்பின் பேரிலும், பின்னர் மனைவியின் விண்ணப்பத்தின் மேல் நீதிமன்ற ஆணையாலும் அடைக்கப்பட்டவர். தடுப்பாணை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. அவரை அழைத்து விசாரித்தவர் எவருமில்லை. தம் சொத்தை நிருவகிக்கும் உரிமையையும் அவர் இழந்தார். உளநோய் மருத்துவ ஆதாரங்களால் நிறுவப்படல் வேண்டும், அது தடுத்துவைப்பை அவசியமாக்கும் தன்மையினதாக இருத்தல் வேண்டும், நோய் நீங்கியபின் தடுப்புக்காவல் தொடர்தலாகாது என்னும் மூன்று நிபந்தனைகளை நீதிமன்றம் வகுத்தது. அவர் நோயுற்றிருந்தார் என்பதை ஏற்று, தடுத்துவைப்பு சட்டபூர்வமானதே என்றும் அது கூறியது. எனினும் அவரது சொல்லைக் கேளாது விட்டமை உரிமை மீறல் எனத் தீர்த்தது. நோய் ஒருவரின் சொல்லைக் கேட்கும் முறையை மாற்றலாம். கேட்கப்படும் உரிமையை அழித்தலாகாது. மெட்வெடேவ் நூல் எட்டாத இடம் இதுவே.

இவ்வழக்கில் வேறொரு திருப்பமும் உண்டு. கலுகா நிகழ்ச்சியில் உடன்பிறந்தவர் கதவைத் திறக்கப் போராடினார். நெதர்லாந்திலோ விண்ணப்பித்தவர் மனைவி. ஷ்டுகத்தூரோவ் எதிர் ருஷ்யா வழக்கில் இம்முரண் மேலும் கூர்மையடைகிறது. 2004 டிசெம்பர் 28 ஆம் நாள், தாயின் விண்ணப்பத்தின் மேல், பத்து நிமிட விசாரணையில், மகன் சட்டத்தகைமை அற்றவரெனத் தீர்மானிக்கப்பட்டார். அவருக்கு அறிவித்தலும் இல்லை. பாதுகாவலராகிய தாயின் வேண்டுகோளின்படி 2005 நவெம்பரில் வைத்தியசாலையில் அடைக்கப்பட்டார். மேன்முறையீடு செய்தபோது தகைமையற்றவரின் மேன்முறையீடு செல்லாது என்று அது தள்ளப்பட்டது. எந்தத் தீர்மானத்தை எதிர்க்கிறாரோ அத்தீர்மானமே எதிர்க்கும் உரிமையையும் விழுங்கிவிட்டது. சட்டத்தரணியைச் சந்திக்க விடுமாறு ஐரோப்பிய நீதிமன்றம் 2006 மார்ச்சில் இடைக்காலப் பணிப்பு விடுத்தும் வைத்தியசாலை இணங்கவில்லை. அவர் மே மாதத்தில் வெளியேறினார். 2008 மார்ச் 27 ஆம் நாள் தீர்ப்பு அவர் சார்பிற் கிடைத்தது. 2009 இல் ருஷ்ய அரசியலமைப்பு நீதிமன்றம் தொடர்புடைய சட்டவிதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனக் கூறியது.

அன்னையோ மனைவியோ கொடியவர் என்று இவ்வழக்குகளிலிருந்து முடிவுசெய்தல் தவறு. நோயுற்றாரைப் பேணும் சுமையை நாளெல்லாம் தாங்குவோர் அவர்களே. தவறு சட்டத்தின் அமைப்பிலுள்ளது. குடும்பத்தவரின் சொல்லை நோயாளரின் சொல்லோடு சேர்த்துக் கேட்க வேண்டிய சட்டம், அதனை நோயாளரின் சொல்லுக்குப் பதிலாக ஏற்றுக்கொள்கிறது. அன்பு சாட்சியாக நிற்கும்போது காக்கிறது. அதிகாரமாக மாறும்போது அடைக்கிறது.

இதே தர்க்கம் தலைமுறையின் மறுபக்கமும் பாய்வதுண்டு. குரோஷியாவுக்கு எதிராகப் பெயர் வெளியிடப்படாத தாயொருவர் தொடுத்த வழக்கில் 2008 ஜூலை 17 ஆம் நாள் தீர்ப்பளிக்கப்பட்டது. உளநோய் காரணமாகச் சட்டத்தகைமை இழந்த அவரது மகள், அவரது சம்மதமின்றி, அவரைக் கேளாமலே தத்துக் கொடுக்கப்பட்டாள். சட்டத்தின் கண்ணிற் கையொப்பமிட இயலாதவர் கருத்தும் இல்லாதவரானார். குடும்ப வாழ்வுக்குரிய உரிமை மீறப்பட்டதென நீதிமன்றம் கண்டது. ஆயினும் மீறலை வெளிப்படுத்தவும் நட்டஈடு விதிக்கவும் வல்ல அம்மன்றத்துக்குத் தத்தெடுப்பை நீக்கும் அதிகாரம் இல்லை. வழக்கு வென்றது, மகள் மீளவில்லை. சர்வதேசப் பரிகாரத்தின் வலிமையையும் வறுமையையும் ஒருங்கே காட்டுவது இவ்வழக்காகும்.

இவ்வறுமை இலங்கை வாசகர்க்குப் புதியதன்று. மேலே குறித்த விருப்புரிமை நெறிமுறையை இலங்கை 1997 இல் ஏற்றது. ஆயினும் 2006 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம், அவ்வேற்பு அரசியலமைப்புக்கு இசைவானதன்று என்றும், ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவின் கருத்துரையை இங்கு நிறைவேற்ற இயலாது என்றும் தீர்த்தது. உளநோயாளர் பற்றிய சட்டத்துக்கோ, ஆங்கிலேயர் 1873 இல் இயற்றிய கட்டளைச்சட்டமே நூற்றாண்டுக்கு மேலாக அடிப்படையாக இருந்துவந்துள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 2016 இல் உறுதிப்படுத்தியது. சட்டத்தின் முன் அனைவரும் சமதகைமை உடையோர் என்பது அதன் பன்னிரண்டாம் உறுப்புரை. அவ்வுறுப்புரைக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டளைச்சட்டத்துக்கும் இடைப்பட்ட தூரம் சட்டம் பயில்வோர் மாத்திரம் அளக்க வேண்டியதன்று.

ஐரோப்பியக் கதவும் என்றும் திறந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2022 செப்டெம்பர் 16 ஆம் நாள் ருஷ்யா ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் தரப்பாக இருப்பது முடிவுற்றது. அந்நாளுக்குப் பின் அங்கு நிகழும் மீறல்களுக்காக அந்நீதிமன்றத்தை நாட முடியாது. 1970 இல் ரோய் மெட்வெடேவ் நின்ற இடத்துக்கே அந்நாட்டின் வைத்தியசாலைக் கூடங்களில் உள்ளோரின் உறவினர் மீண்டும் தள்ளப்பட்டுள்ளனர்.

இந்நிலையில் மெட்வெடேவ் நூலின் பெறுமதி குறையவில்லை. நீதிமன்றமற்ற உலகில் ஒருவரின் சொல்லை மற்றொருவர் எவ்வாறு காவிச் செல்லலாம் என்பதை அது காட்டுகிறது. அதனோடு அதற்குப் பின்வந்த தீர்ப்புகளின் பாடத்தையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். சித்தம் தெளிந்தவர் என்று நிறுவியபின் ஒருவரின் சொல்லைக் கேட்பது நீதியாகாது. தெளிந்தவராயினும் கலங்கியவராயினும் அவர் வாய்திறக்கும்போது கேட்க ஒருவர் இருத்தலே நீதியின் முதற்படி. சர்வதேச மன்றுகள் இதனைத் தாமதித்தே கூறின. உள்நாட்டுச் சட்டங்கள் பல இன்னும் கூறவில்லை.