பூட்டப்பட்ட நாவு
(இமாம் கஸ்ஸாலியின் தன்வரலாற்றில் நாம் தாண்டிச் சென்ற சில வரிகள்)

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஐம்பது வயதைக் கடந்தபின் எழுதிய 'அல்முன்கித் மினள்ளலால்' அளவிற் சிறிய நூல். மதரஸாவில் ஓதியவர்களுள் அதன் பெயரை அறியாதார் இலர். எனினும் அதன் ஒரு பக்கத்தை நாம் நெடுங்காலமாகப் பிழைபடவே வாசித்து வந்திருக்கிறோம். அப்பிழையில் பெரும்பங்கு நம்முடையது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) பக்தாதின் நிஜாமிய்யாக் கலாசாலையில் பேராசிரியராக அமர்ந்த இமாமவர்களிடம் 300 மாணவர் பாடம் கேட்டனர். ஹிஜ்ரி 488, ரஜப் மாதத்தில் அவர்களுடைய வாழ்வு நிலைகுலைந்தது. நம் மேடைகளில் இக்கதை எவ்வாறு சொல்லப்படுகிறது? புகழை உதறினார்; துறவு பூண்டார்; ஷாம் தேசம் ஏகினார். அவ்வளவே. நாம் கேட்ட பயான்களிலும், வெட்கத்தோடு சொல்கிறோம், நாமே நிகழ்த்தியவற்றிலும், புகழுக்கும் துறவுக்கும் இடையிலுள்ள சில வரிகள் விடுபட்டே போயின.

அவ்வரிகள் சொல்வது இதுதான். பாடம் நடத்த நாவெழவில்லை. தேடிவந்த மாணவர் மனம் நோகலாகாதே என்று ஒரு நாளேனும் பேச முயன்றார்கள்; ஒரு சொல்லும் வரவில்லை. அத்துயரம் நெஞ்சில் இறங்கிற்று. செரிமானம் கெட்டது. நீராகாரமும் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு கவளமும் செரிக்கவில்லை. வைத்தியர்கள் வந்து பார்த்து, இது உள்ளத்தில் தோன்றி உடலின் மிஜாஜில் பரவிவிட்ட நோய் என்றும், உள்ளத்தின் கவலை தணிந்தாலன்றி வழியில்லை என்றும் கூறிக் கைவிரித்தனர்.

இவ்விடத்தில் இமாமவர்கள் ஆளும் அரபுச் சொற்களைக் கவனியுங்கள். ஒன்று பூட்டைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது. மற்றொன்று ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிற்றைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது. அறிவுக்குரிய 'அக்ல்' என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததே. பேரறிஞர் ஒருவர், அறிவுச் சொல்லின் வேரிலிருந்தே கட்டுண்ட நிலைக்குரிய சொல்லை எடுத்துத் தம் நாவுக்குச் சூட்டுகிறார்! அணியலங்காரம் எதுவுமில்லை, வைத்தியரிடம் நோயாளி சொல்லும் நடையே அது. இன்றைய மருத்துவப் பெயர் ஒன்றை இமாமவர்கள்மீது ஒட்டுவது நம் நோக்கமன்று. ஆனால் ஈமானின் குறைவாலேயே மனிதன் இவ்வாறு முடங்குகிறான் என்று எவரேனும் சொன்னால், இந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைக்கலாம்.

வைத்தியர்கள் கைவிரித்தார்கள் என்பதையே பிடித்துக்கொண்டு, மருந்தால் பயனில்லை என்று வாதிடுவோர் உண்டு. அது பக்தாதின் 11ஆம் நூற்றாண்டு மருந்துப் பெட்டியின் எல்லை. அதற்கும் முன்னரே, ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) காலமான அபூஜைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் சேர்த்தெழுதிய தம் நூலில் துயரத்தை இருவகையாகப் பிரித்திருக்கிறார். அன்புக்குரியவரையோ பொருளையோ இழந்ததால் வருவது ஒன்று. காரணம் இன்னதென்று தெரியாமல் உடலின் கேட்டிலிருந்து எழுவது மற்றொன்று. பின்னதற்கு உடலுக்குரிய மருந்தும் வேண்டும் என்பது அவர் கொள்கை. இழப்பில் தொடங்கும் துயரமும் நாளடைவில் நோயாக முற்றக்கூடும் என்பதை இன்றைய மருத்துவம் கூடுதலாக அறிந்துள்ளது. இரண்டு வாரத்திற்கு மேலும் விடாத மனச்சோர்வு, விரும்பியவற்றிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், தன்னையே பழித்துக்கொள்ளல், சாவைப் பற்றிய நினைவு என்று அது அடையாளங்களைச் சொல்லுகிறது.

நாம் இவற்றைக் காலந்தாழ்ந்தே கற்றோம். வேப்பூரில் நமக்குத் தெரிந்த தம்பி ஒருவர் விருத்தாசலத்தில் சூளை நடத்தி வந்தார். பீங்கான் பொம்மைகளும் ஃபியூஸ் கட்டைகளும் செய்த அந்தச் சூளை கடனில் மூழ்கி அணைந்தது. வெள்ளிதோறும் ஆட்டுச்சந்தையில் நண்பர்களோடு நின்று பேசுபவர் வெளியே வருவதையே நிறுத்தினார். விடியுமுன் விழித்துச் சுவரைப் பார்த்தபடி இருப்பார்; தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும் என்று அவர் தாயார் வந்து அழுதார். நாம் போனோம். ஒரு மணி நேரம் சபுரைப் பற்றிப் பேசினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே கேட்டார்: "ஹஜ்ரத், அப்படியானால் என்னிடம் ஈமான் இல்லையா?"

மருந்தென்று நாம் கொண்டுபோனது அவர் சுமையின்மேல் இன்னொரு சுமையாக ஏறியிருந்தது. மகனைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் அழகிய பொறுமையை வாயால் மொழிந்தவர்கள். அழுதழுது கண் வெளுத்தவர்களும் அவர்களே. ஒரே சூராவில் இரண்டும் இருக்க, முன்னதை மட்டும் எடுத்து ஓதியிருந்தோம்.

நல்லவேளையாக அவர் தாயார் நம்மினும் தெளிவானவர். மகனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இல்லாவிடில் எங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்று எண்ணும்போது நமக்கு ஏர்வாடி நினைவு வருகிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலை, தர்காவை அண்டித் தனியார் நடத்திய கீற்றுக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவரல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது. ஆனால் அவமானத்துக்கு அஞ்சி வீட்டு அறையில் பூட்டி வைப்பது நம் குடும்பங்களில் நின்றுவிட்டதா? சம்பந்தம் பேசும்போது தெரிந்துவிடும் என்று மாத்திரைச் சீட்டை அரிசிப் பானையில் ஒளித்த வீட்டை நாம் அறிவோம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்னும் எண்ணைத் தமிழிலேயே பேசி அழைக்கலாம். யாரும் ஊர், ஜமாஅத் விசாரிக்கப் போவதில்லை.

துஆவை நாம் குறைத்துச் சொல்லவில்லை. இமாமவர்களும் வழியற்ற நிலையில் இறைவனிடமே முறையிட்டதாக எழுதுகிறார்கள். செல்வத்தைப் பங்கிட்டபோதும் பிள்ளைகளுக்குப் போதுமானதை ஒதுக்கி வைத்தார்கள் என்பதும் அங்கேயே உள்ளது. துறவை மட்டும் பாடும் நம் பேச்சாளர்கள் இதையும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்தத் தம்பி இப்போது மாத்திரையும் உண்கிறார், தொழவும் வருகிறார். சூளை அணைந்தது அணைந்ததுதான். வேறொருவரிடம் கூலிக்கு அச்சு வார்க்கிறார். சென்ற மாதம் அவருக்கு முன்கித்தின் அப்பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினோம். நீராகாரம் இறங்காத இடம் வந்ததும் கையமர்த்தி, அதை மட்டும் மறுபடி சொல்லும்படி கேட்டார்.