ஒத்தும் பெட்டியும்

கும்பகோணத்துக்காரனுக்குச் சுருதி விஷயத்தில் பிடிவாதம் இருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் திருவாவடுதுறை. அதை ஒட்டினாற்போல் நாகஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டை; அந்த வாத்தியத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. இப்படிப்பட்ட சீமையில் இருந்துகொண்டு, மின்சாரச் சுருதிப் பெட்டியை வாசற்படி ஏற விடுவதில்லை என்று பல வருஷம் வீம்பாக இருந்தேன். போன ஐப்பசியில் ஒன்று வாங்கிவிட்டேன்.

காரணம் சின்னதுதான். பேத்தி விடியற்காலையில் சாதகம் செய்ய வேண்டும். கூட உட்கார்ந்து தம்புரா மீட்ட ஆள் இல்லை. அடைமழை ஈரத்தில் தந்தி ஒரு நிலையில் நிற்பதும் இல்லை. சுருதி இல்லாமல் பாடுவதைவிடப் பெட்டியோடு பாடுவது மேல்.

பெங்களூரில் 1979-ல் இந்த மின்னணுப் பெட்டியை உருவாக்கிய ஜி. ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர். சங்கீதக்காரரின் தேவையிலிருந்து பிறந்த சாமான் என்பதால் அதை அந்நியம் என்று தள்ள முடியாது. நாதம் மட்டம் என்ற பழைய குற்றச்சாட்டும் இப்போது எடுபடாது. தம்புராவில் காந்தாரத்துக்குத் தந்தி கிடையாது. ஆனாலும் ஜீவா சரியாக விழுந்தால் காந்தாரம் தானாகக் கேட்கும். அந்த ஒலியையே பதிவு செய்து கைப்பேசிக்குள் அடைத்துவிட்டார்கள்.

அப்படியானால் குறை எங்கே? பெட்டி தவறுவதே இல்லை, குறையே அதுதான். தம்புராவோடு பாட உட்காருகிறவன் முதலில் அதைச் சேர்த்தாக வேண்டும். பிருடையைத் திருகி, நூலை நகர்த்தி, காதைத் தீட்டிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிஷம்தான் முதல் பாடம். பெட்டியில் அந்தப் பாடம் இல்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் நாகஸ்வர மேடையில். ஒத்துக்கு ராகம் வாசிக்க விரல்துளை கிடையாது. கன்னத்தில் காற்றை அடக்கி, மூச்சு விடாமல் ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருக்க வேண்டும். ‘ஒத்து ஊதுகிறான்’ என்று நாம் கேலி பேசுகிறோம். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்த இளைஞன் ராத்திரி முழுக்க ஆலாபனையைப் பக்கத்திலிருந்து கேட்டான். சம்பளத்தோடு கிடைத்த குருகுலம் அது. அந்த ஆசனத்தில் இப்போது பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பெட்டி எத்தனை தோடி கேட்டாலும் நாளைக்கு வித்வானாகப் போவதில்லை.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையே (1898–1956) ஒத்தை விட்டுத் தம்புராவை வைத்துக்கொள்ளவில்லையா என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் தம்புராவின் பின்னால் ஒரு மனிதன் இருந்தான், அவன் கேட்டான்.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டில் பெட்டி இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது தம்புராவைச் சேர்த்துவிட்டுப் பாடட்டும். மேடையில் மட்டும், பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு சிஷ்யனை உட்கார்த்துங்கள். செலவு கொஞ்சம் கூடும். அடுத்த தலைமுறைக்கு அதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது.