சந்தேகம் யார்மீது விழுகிறது?

2012 பிப்ரவரியில், கோவிலம்பாக்கத்தை ஒட்டிய கீழ்க்கட்டளையில் ஒரு வங்கி கொள்ளை போனது. அதற்கு முந்தைய மாதம் பெருங்குடியில் இன்னொன்று. சில நாட்களிலேயே, அந்தக் கொள்ளைகளில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேரை வேளச்சேரி வாடகை வீடொன்றில் ஓர் இரவில் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். வடமாநிலத்தவர்கள் என்று செய்தி வந்தது. குடியிருப்போர் விவரங்களை வீட்டுக்காரர்கள் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. மேடவாக்கம் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருந்த எல்லோர்மீதும் சந்தேகப் பார்வை விழுந்தது.

தமிழ் அரசியல் த்ரில்லர்களின் பிரதிநிதித்துவத்தை இங்கிருந்து அளக்கலாம் என்று நினைக்கிறேன். எத்தனை சமூகத்தவர் திரையில் வருகிறார்கள் என்று எண்ணிப் பயனில்லை. படம் யாரைச் சந்தேகிக்கச் சொல்கிறது, யார் கண்ணால் பார்க்கச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

‘முதல்வன்’ (1999) நாயகன் தொலைக்காட்சி ஒளிப்பதிவாளன். ‘கோ’ (2011) நாயகன் பத்திரிகைப் புகைப்படக்காரன். இருவரும் சாதி அடையாளம் அழுத்தப்படாத பொதுமனிதர்கள். அந்தப் பொதுமனிதனுக்கு எதிரே யார் நிறுத்தப்படுகிறார் என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. ‘துப்பாக்கி’ (2012), ‘விஸ்வரூபம்’ (2013) இரண்டும் இஸ்லாமியர்களைப் பயங்கரவாதிகளாகக் காட்டுவதாக இஸ்லாமிய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) அந்தக் கோட்டைத் திருப்பிப் போட்டது. முதல்வரைக் கொன்று பழியை ஓர் இஸ்லாமிய இளைஞன்மீது போடுவதுதான் அதில் சதி; அதை முறியடிக்கும் அப்துல் காலிக்கும் இஸ்லாமியரே. மீண்டும் மீண்டும் அதே நாளில் விழிக்கும் காலச்சுழல் உத்தி, பழி எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டியது. வெகுஜனப் படம் ஒன்று இதைச் செய்தது பெரிய காரியம்.

பெண்களின் கணக்கு மெலிந்தது. ‘கொடி’யில் (2016) த்ரிஷாவின் ருத்ரா கதையை நகர்த்துகிறார், ஆனால் வில்லியாக.

மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ (2023) தனித் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு நாற்காலி மறுக்கப்படுவதை மையமாக்கியது. வடிவேலுவை அந்த இடத்தில் வைத்ததே துணிச்சல். ஆனால் அவரை ஒடுக்கும் ரத்னவேலுவாக வந்த ஃபகத் ஃபாசிலின் காட்சிகளை வெட்டி ஒட்டி, சாதிப் பெருமைப் பாட்டுப் போட்டுக் கொண்டாடிய காணொளிகள் சமூக வலைத்தளங்களில் பரவின. ஒடுக்குபவனுக்கு கேமரா தரும் கம்பீரத்தைப் பற்றி இயக்குநர்கள் இன்னும் கவலைப்பட வேண்டும்.

இந்த வரிசையில் என்னை அதிகம் உலுக்கியது வெற்றிமாறனின் ‘விசாரணை’. மு.சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலிலிருந்து உருவான படம். 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. குண்டூரில் பிழைக்கப் போன தமிழ் இளைஞர்கள் செய்யாத திருட்டுக்காக அடிவாங்குகிறார்கள். தெலுங்கில் கேட்கப்படும் கேள்விகளும் அவர்களுக்குச் சரியாகப் புரியவில்லை. பிற்பாதி தமிழ்நாட்டுக் காவல் நிலையத்துக்கு வருகிறது. அங்கே மொழி தெரிந்தும், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதால் உயிருக்கு ஆபத்து. அடிபடுகிறவர்கள் நம் மொழி பேசுவதால் முதல் காட்சியிலிருந்தே அவர்கள் பக்கம் நிற்கிறோம்.

அதே கதையில் ஊரை மாற்றிப் பாருங்கள். தமிழ் தெரியாத பீகார் இளைஞன் ஒருவன் சென்னையின் தென்புறத்துக் காவல் நிலையமொன்றில் சிக்குவதை அவன் கண்ணால் சொல்லும் படம். ‘தீரன் அதிகாரம் ஒன்று’ (2017) வடக்கிலிருந்து வந்தவனைக் கொள்ளைக்காரனாக மட்டுமே காட்டியது. பாஸ்கர் சக்தியின் ‘ரயில்’ (2024) வேறு பக்கம் திரும்பி, அவனைப் பக்கத்து வீட்டுக்காரனாகப் பார்த்தது. ஆனால் அது த்ரில்லர் இல்லை. வேளச்சேரி இரவை, கதவுக்கு வெளியே நின்ற கூட்டத்தோடு நிற்காமல், அந்த வாரத்தில் விவரம் கொடுக்க வரிசையில் நின்ற ஒரு கொத்தனாரோடு நின்று எழுதும் திரைக்கதைக்கு இங்கே இடமிருக்கிறது.