ஹியூமும் குச்சனூரும்

மேல்நாட்டுத் தத்துவ ஆசிரியர்கள் மதத்தைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் படிக்க ஒரு ஆயுசு போதாது. படித்த மட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. அவர்களில் முக்கால்வாசிப் பேர் கோயிலுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே போகிறவன் மனசில் என்ன இருக்கும் என்று ஊகித்து எழுதியவர்கள். அவனையே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சில புஸ்தகங்கள் இளைத்துப் போயிருக்கும்.

டேவிட் ஹியூமை இந்தக் கூட்டத்தில் சேர்க்க எனக்கு மனசு வருவதில்லை. 1757-ல் அவர் வெளியிட்ட 'மதத்தின் இயற்கை வரலாறு' சின்னப் புஸ்தகம்தான். அவருக்கு முன்னால் ஆன்ஸெல்மிலிருந்து டேக்கார்ட் வரையில் எல்லோருக்கும் பெரிய கேள்வி, கடவுள் உண்டு என்று நிரூபிக்க முடியுமா என்பதே. ஹியூம் கேள்வியை இரண்டாகப் பிளந்தார். மதத்துக்குப் பகுத்தறிவில் ஆதாரம் உண்டா என்பது ஒன்று. மனித சுபாவத்தில் அது எங்கிருந்து முளைத்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அவர் எழுதிய சம்வாதங்கள், 1776-ல் அவர் இறந்த பிறகு, 1779-ல்தான் அச்சேறின. உயிரோடு இருக்கும்போது அதை வெளியிட நண்பர்கள் விடவில்லை.

இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில் எளிமையானது. ஆகாயத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து வியந்து மனிதன் தெய்வத்தைக் கண்டுபிடிக்கவில்லை. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்திலும், நல்லதாக ஆகாதா என்ற ஆசையிலும் கண்டுபிடித்தான். சூதாடிகளிடமும் மாலுமிகளிடமும்தான் மூட நம்பிக்கை அதிகம் என்கிறார். அதிர்ஷ்டத்தை நம்பிப் பிழைக்கிற தொழில்கள் அவை. இந்தப் பட்டியலில் நம் ஊர் விவசாயியை அவர் சேர்க்காமல் விட்டது ஸ்காட்லாந்தில் மழை தவறாமல் பெய்கிற காரணத்தால் இருக்கலாம்.

இந்தப் புஸ்தகத்தை இரண்டாம் தடவை படித்தபோது நான் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தேன். சின்னமனூரிலிருந்து குச்சனூர் கிட்டத்தில்தான். சுயம்புவான சனீஸ்வரன் கோயில் அங்கே இருக்கிறது. மற்றக் கோயில்களில் நவக்கிரகங்களில் ஒருவனாக ஓரத்தில் நிற்கிற சனி, இங்கே மூலவன். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் கூட்டம் சொல்லி முடியாது. நான் போனது சாதாரணச் சனிக்கிழமை. அப்போதும் சுரபி நதியில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எள் விளக்குப் புகை கண்ணைக் கரித்தது. சோற்றை வைத்துவிட்டுக் காக்கை வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு குடும்பம் நின்றது. காக்கை வரவில்லை. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தபோது ஹியூம் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி என்று தோன்றியது.

என்னை அழைத்துப் போன நண்பர் வாழைத்தோப்பு வைத்திருப்பவர், பழைய சுயமரியாதைக்காரர். கோயில் வாசலோடு நின்றுவிட்டார். "உங்க ஆளு ஜெயிச்சுட்டாரா?" என்றார். ஜெயித்துவிட்டதாகவே நானும் அப்போது நினைத்தேன்.

பிறகு ஸ்தல புராணத்தைக் கேட்டேன். தினகரன் என்ற ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. சந்திரவதனன் என்ற பையனை எடுத்து வளர்த்தான். பிறகு சொந்தப் பிள்ளையும் பிறந்தது. ஆனாலும் கெட்டிக்காரனான வளர்ப்புப் பிள்ளைக்கே பட்டம் கட்டினான். தினகரனை ஏழரைச் சனி பிடித்தது. சந்திரவதனன் சுரபி நதிக் கரைக்கு வந்து, இரும்பில் சனியின் உருவம் செய்து வைத்துப் பூஜை பண்ணி, என்னை வளர்த்தவரை விட்டுவிடு, அவர் படவேண்டியதை நான் படுகிறேன் என்றான். சனி மனம் இளகி, ஏழரை வருஷத்தை ஏழரை நாழிகையாகக் குறைத்து அவன்மேல் இறங்கினான். அதாவது மூன்று மணி நேரம். குச்சுப் புல்லால் கூரை வேய்ந்த கோயில், அதனால் குச்சனூர்.

இது சரித்திரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கோயில் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற கதை, தத்துவ ஆசிரியன் பார்வைக்கு ஒரு சாட்சியம். இந்தச் சாட்சியம் ஹியூமுக்குச் சாதகமாக இல்லை. அவருடைய பயந்த மனிதன் தனி ஆள். தன் கப்பல், தன் சூதாட்டம், தன் ஆயுசு. இங்கே கோயிலைக் கட்டினவனுக்குத் தன்னைப் பற்றிய பயமே இல்லை. எட்டு வைத்து நடந்து போய் ஆபத்தை வாங்கிக்கொள்கிறான்.

இந்தத் தனி ஆள் மேல்நாட்டுச் சிந்தனையை விட்டு லேசில் போகவே இல்லை. தன் ஆத்மா தப்புமா என்று பாஸ்கல் பந்தயம் கட்டினார். ஷ்லையர்மாஹர், மதம் என்பது தான் ஒன்றைச் சார்ந்து நிற்கிறோம் என்ற உணர்வு என்றார். 1902-ல் வில்லியம் ஜேம்ஸ், தனிமையில் மனிதனுக்கு நேர்கிற அனுபவமே மதம் என்று இலக்கணமே வகுத்துவிட்டார். பின்னிரண்டு பேரும் பிராட்டஸ்டண்டு மண்ணில் வளர்ந்தவர்கள், அவர்களுக்கு இது இயற்கைதான். 1912-ல் டர்க்ஹைம் வந்து, இல்லை, சமூகம்தான் தெய்வ வடிவில் தன்னைத்தானே கும்பிட்டுக்கொள்கிறது என்று மறுத்தார். பெரிய மூளை. ஆனால் தனி ஆளிலிருந்து ஒரே தாண்டாகச் சமூகத்துக்குப் போய்விடுகிறார். நடுவில் அப்பா, பிள்ளை, அண்ணன், மருமகள் என்று ஒரு வீடு இருக்கிறதே, அது அவர் கண்ணில் படவில்லை.

நம்மவர்களுக்கும் இந்தக் கதை சங்கடம் தருவது என்பதைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை ஆகும். 1755-ல் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் அழிந்தபோது, நல்லவனான கடவுள் இதை எப்படி விட்டான் என்று வால்டேர் துடித்தார். நமக்கு அந்தத் துடிப்பு இல்லை. கர்மம் என்று சொல்லிவிடுவோம். கடவுளைக் காப்பாற்ற, கஷ்டப்படுகிறவனையே குற்றவாளி ஆக்குகிற வழி அது. ஆனால் கர்மக் கணக்கில் ஒருவன் பற்றை இன்னொருவன் பேரில் எழுத இடம் ஏது? ஏழரை வருஷத்தை ஏழரை நாழிகை ஆக்க எந்தக் கணக்கப்பிள்ளைக்கு அதிகாரம்? குச்சனூர்ச் சனி இரண்டையும் செய்கிறான். சித்தாந்தம் தெரிந்த பண்டிதர் எவரும் இந்தக் கதையை எழுதியிருக்க முடியாது.

தமிழில் இந்த விவாதம் புதிது அல்ல. 1880-களிலேயே சென்னை இலௌகிக சங்கத்தார் இங்கிலாந்தின் பிராட்லாவைப் படித்துவிட்டுத் 'தத்துவ விவேசினி' நடத்தினார்கள். 1925-ல் 'குடி அரசு' வந்தது. மதத்துக்கு அடிப்படை பயம் என்று 1927-ல் ரஸ்ஸல் பேசியதும் தமிழுக்கு வந்து சேர்ந்தது. பயம் என்ற ஒரு சொல்லை இவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அதை நான் பரிகாசம் பண்ண மாட்டேன். ஜாதகத்தில் சனி இருக்கும் இடத்தைச் சொல்லி எத்தனை கல்யாணங்கள் நின்றிருக்கின்றன என்பது இந்தப் பள்ளத்தாக்கில் எந்த வீட்டைக் கேட்டாலும் தெரியும். பயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை அவர்கள்தான் கேட்டார்கள். மேல்நாட்டுத் தத்துவ சரித்திரம் எழுதுகிற நம் பேராசிரியர்கள் இன்னும் கேட்கவில்லை. ஆன்ஸெல்மின் நிரூபணத்தில் ஆரம்பித்து அதன் மறுப்பில் முடித்துவிடுகிறார்கள்.

சந்நிதியில் சற்று நேரம் ஒதுங்கி நின்று, அர்ச்சகரிடம் சொல்லப்படுகிற பேர்களைக் கேட்டேன். பேர், ராசி, நட்சத்திரம். ஒரு கிழவர் திருப்பூரில் வேலை பார்க்கிற பேரன் பேரைச் சொன்னார். ஒரு பெண் தம்பியின் நட்சத்திரம் மறந்துபோய், வரிசையை நிறுத்திவிட்டு யாருக்கோ போன் போட்டுக் கேட்டாள். தன் பேரையே சொன்னவர்கள் நான் நின்ற நேரத்தில் நாலைந்து பேர்தான். அதில் ஒருவருக்குத் துணை யாரும் இல்லை போலிருந்தது.

ஹியூம் சாகக் கிடந்த நாட்களில் நடந்ததை ஆடம் ஸ்மித் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பரலோகப் படகுக்காரனான சரோனிடம் என்ன சாக்குச் சொல்லி நாள் கடத்தலாம் என்று ஹியூம் வேடிக்கையாக யோசித்துப் பார்த்தாராம். புஸ்தகத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு. மூட நம்பிக்கை ஒழிவதைப் பார்த்துவிட்டு வருகிறேன், இன்னும் கொஞ்சம் பொறு. மனைவி மக்கள் இல்லாத மனிதர். எனக்கு அவரிடம் பிரியம் உண்டு.

வெளியே வந்து நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏங்க, மகனுக்காகப் பயந்தா அது பயம் இல்லேன்னு ஆயிருமா?" என்றார்.

சின்னமனூர் வரையில் எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் பேச்சு அவர் தோப்புக்குத் தண்ணீர் வருகிற முறைக்குப் போய்விட்டது.