நிழலும் சாட்சியும்

மாமல்லபுரத்துப் பாறைகளில் பல்லவர் வடித்த உருவங்களைக் காண்போர், கல்லும் நினைவைக் காக்கும் என்பதை ஒப்புக்கொள்வர். நம் காலத்தில் அப்பணியைப் புகைப்படம் ஏற்றுள்ளது. இத்தாலியரான டோனி ஜென்டிலே 1992 மார்ச் 27இல் பலெர்மோ நகரில் எடுத்த படம் இதற்குச் சான்று. மாஃபியாக் கும்பலை எதிர்த்து நின்ற நீதித்துறையினர் ஃபல்கோனே, போர்செல்லினோ இருவரும் அதில் தலை சாய்த்துப் பேசிப் புன்னகைக்கின்றனர். மே 23இல் முன்னவரும் ஜூலை 19இல் பின்னவரும் வெடிகுண்டுக்கு இரையாயினர். இரத்தத் துளியொன்றும் இல்லாத அப்படமே அவர்களின் நினைவுச் சின்னமாயிற்று.

ரோம் நீதிமன்றமோ 2019இல், இது கலைப்படைப்பன்று, வெறும் புகைப்படமே எனத் தீர்ப்பளித்தது. நாம் இதனை ஏற்பதற்கில்லை. எகிப்தின் முப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள், புகைப்படம் என்பது நிழலைப் பிடித்து நிறுத்துவதே எனக் கூறி அதனை அனுமதித்தார்கள். எந்த நிழலை எக்கணத்தில் நிறுத்துவது என்னும் தேர்விலேயே கலை இருக்கிறது. அச்சத்திற்கு நடுவே இருவரிடையே நிலவிய நம்பிக்கையை ஜென்டிலே தேர்ந்தார்.

சாட்சியைக் குறிக்கும் 'ஷாஹித்', உயிர்த்தியாகியைக் குறிக்கும் 'ஷஹீத்' ஆகிய அரபுச் சொற்கள் ஒரே வேரில் பிறந்தவை. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகளை எதிர்த்து மனுக் கொடுத்துவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரி 17இல் லாரி மோதி மாண்டார். அது கொலை வழக்காயிற்று. இத்தகையோர்க்கு நாம் அளிப்பது பெரும்பாலும் மழையில் கரையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியே. பாலாற்று மணலுக்காகக் குரல் கொடுப்போர் நம் செங்கல்பட்டிலும் உள்ளனர். அவர்கள் வாழும்போதே, மனுவும் கையுமாக நிற்கும் கோலத்தில், அவர்களைப் படமெடுத்துக் காப்பது நம் கலைஞர்களின் கடமையாகும்.